வெறுந்தாளில் போட்ட கையெழுத்து

கரமனை, திருவனந்தபுரம்
11 ஜூன் 2002

பிச்சைக்கனிக்கு,

எலிசாள் எழுதுவது. அண்ணன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீங்கள் என்று எழுதவும் வரவில்லை. ஒன்பது வருஷம் உன்னோடு பேச்சில்லாமல் இருந்தேன். செத்துப்போகும் வரை அப்படியே இருந்திருப்பேன். நீ இருக்கவிட்டால்தானே!

போன வாரம் அக்ரஹாரத்தில் மங்கலம் மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமி பேப்பரும் கையுமாக அடுக்களைக்கு வந்து, "ஏண்டீ எலிசா, உன் ஆத்துக்காரர் கதையை சினிமாவா எடுக்கறாளாமே, நோக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். கையில் இருந்த கரியோடு வாங்கிப் பார்த்தேன். பெரிய மீசை வைத்த நடிகன், அவன்தான் கொள்ளைக்காரன் புலிக்காட்டு ராசையனாம். பக்கத்தில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொருவன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். அது ராசையனின் வலதுகை, லாரி டிரைவர் ஞானதாஸ் என்று போட்டிருந்ததை மாமி வாசித்துச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் தொட்டவரா? கோழி அறுக்கவே என்னைத்தான் கூப்பிடுவார். அறுத்து முடிக்கும்வரை வாசலில் போய் நிற்பார். உனக்குத் தெரியாததா?

மூன்றாம் நாள் ஷிபு என்று ஒரு அசிஸ்டெண்ட் டைரக்டர் வீட்டுக்கே வந்தான். "சேச்சி ஒண்ணும் பயப்படண்டா. ஞானதாஸ் சேட்டன் கடைசி வரைக்கும் ராசையன் கூட நின்னு சாகிற ஆளு. நல்ல சீனாக்கும், ஆளுகள் கைதட்டும்" என்றான். என்னைக் கேட்காமல் எப்படியடா எடுப்பாய் என்று சத்தம் போட்டேன். அந்தப் பிள்ளை பயந்து போய்ப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். "குடும்பத்தின்றெ சம்மதம் கிட்டிப்போச்சே சேச்சி. போனக்காட்டு மாமன் ஒப்பு போட்டுத் தந்தாரே" என்றான்.

மலையாளத்தில் எழுதியிருந்தது. மகள் சுஜாதான் வாசித்தாள். ஞானதாஸின் மனைவியுடைய மூத்த சகோதரன் என்ற முறையில் அவரை இப்படிக் காட்டுவதில் குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லையாம். அடியில் உன் கையெழுத்து. கனிக்குச் சுழி போட்டு வாலை இழுத்துவிட்ட அதே கையெழுத்து. 1993இல் போலீஸ் காகிதத்தில் பார்த்தேனே, அதே.

முதல் கையெழுத்தில் அவரைப் புதைத்தாய். இப்போது தோண்டி எடுத்துத் தெருவில் போட இன்னொன்றா? சுஜா பத்தாம் வகுப்பு போகிறாள். கிறிஸ்துமஸுக்குப் படம் வருமாம். அதன் பிறகு அவள் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவாள்? அந்தச் சம்மதத்தைத் திருப்பி வாங்கு. உடனே வாங்கு.

எலிசாள்


போனக்காடு
20 ஜூன் 2002

அன்புள்ள தங்கச்சி எலிசாளுக்கும் மருமகள் சுஜாவுக்கும் பிச்சைக்கனி எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கு உயிரோடு இருக்கிறோம்.

உன் எழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாக இருந்தது. பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நாலு தடவை வாசித்தேன். நீ என்ன வேண்டுமானாலும் திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள் மக்களே.

சினிமாக்காரர்கள் மே மாசமே மேலே வந்துவிட்டார்கள். தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கிற எல்லாரையும் கூட்டத்தில் நிற்க வைப்போம் என்றார்கள். இங்கே எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு மட்டும் இரண்டு காகிதம் வைத்தார்கள். "மாமா, இவிடெயும் ஒண்ணு" என்றான் அந்தப் பையன். போட்டேன். மலையாளம் பேசுவேன், வாசிக்கவா தெரியும் எனக்கு? என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காதது தப்புத்தான்.

ஆனால் நான் கையெழுத்துப் போட்டதால் மச்சான் சாகவில்லை. அது தெய்வம் அறிய உண்மை. அவர் செத்த பிறகு போலீஸ் கொண்டுவந்த காகிதத்தில் போட்டேன். உடல் கிடந்தது, கிடந்தது என்று போட்டேன். இன்ஸ்பெக்டர் மாதவன்குட்டி நீட்டும்போது மாட்டேன் என்று சொல்ல இந்த மலையில் யாருக்கு முதுகெலும்பு இருந்தது? ராசையனிடம் பங்கு வாங்கித் தின்றவன் அவன் என்று எல்லாருக்கும் தெரியும். யாராவது வாயைத் திறந்தார்களா? என்னை மட்டும் ஏன் குத்துகிறாய்?

சம்மதத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். மகன் ஜெபமணி காட்டிலாகாவில் தினக்கூலி வாட்சராக இருக்கிறான். அவனுக்கு ஒன்றும் வராமல் பார்த்துச் செய்ய வேண்டும். சுஜா நன்றாகப் படிக்கிறாளா? உயரமா?

பிச்சைக்கனி


கரமனை
27 ஜூன் 2002

பிச்சைக்கனிக்கு,

உன் கடிதத்தை வாசித்ததைவிட அதைப் பார்த்தே எனக்கு எரிந்தது. எழுதி முடித்த இடத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் சும்மா கிடக்கிறது. கையெழுத்தை முதலில் அடியில் போட்டுவிட்டு அப்புறம்தான் மேலே எழுதவே தொடங்குகிறாயா? தங்கச்சிக்கு எழுதும் கடிதத்திலுமா அந்த நாற்றம் பிடித்த பழக்கம்? மற்றவர்கள் வந்து நிரப்பட்டும் என்று விட்டிருக்கிறாயா?

உடல் கிடந்தது, கிடந்தது என்று போட்டேன் என்கிறாய். சரி, அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். செத்த இடத்தில் என்ன கண்டோம், என்ன எடுத்தோம் என்று போலீஸ் எழுதும் மகசர். சுஜா மலையாளம் படித்ததும் நான் அவளிடம் வாசிக்கச் சொன்ன முதல் காகிதம் அதுதான். மற்ற பிள்ளைகள் கதைப் புத்தகம் வாசித்தார்கள். என் மகள் அப்பனின் மகசரை வாசித்தாள்.

1993 செப்டம்பர் 14, விடிகாலை ஐந்தரை மணி, காட்டில் துப்பாக்கிச் சண்டை, ராசையனும் ஞானதாஸும் இறந்தார்கள், சாட்சி பிச்சைக்கனி. அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு அவர் இங்கே கரமனையில், என் அடுக்களைப் படியில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்தார். ஐந்தரைக்குச் செத்தவனுக்கா நான் சாயா ஊற்றினேன்? குழந்தைக்குக் காய்ச்சல், தொட்டுப் பார்த்துவிட்டு லாரியை எடுத்தார். இதை ஆர்.டி.ஓ. விசாரணையில் சொன்னேன். பெண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாள் என்று எழுதி மூடினார்கள். ஏன் தெரியுமா? எனக்கு அடுத்து சாட்சி சொல்ல நீ ஏறினாய். என் முகத்தைப் பார்க்காமல், "கண்டேன் சார். விடிஞ்சப்போ அங்கதான் கிடந்தார்" என்றாய். அன்றைக்கு உன்னை யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. வாயால் சொன்னாய்.

அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. மாதவன்குட்டியின் ஜீப்பும் ராசையனின் ஆட்களும் ஒரே பங்களா வாசலில் நிற்பதைக் கண்டு, கண்டதைச் சாயாக்கடையில் சொன்னார். உனக்குத் தெரிந்ததுபோல் வாயை மூட அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

உடல் கிடந்த இடத்தில் எடுத்ததாகப் போட்ட பட்டியல் மட்டும் பதினோரு அயிட்டம். நாட்டுத் துப்பாக்கி ஒன்று. தோட்டா நாலு. துணிச்சுருள் ஒன்று. கடைசியில் பழுப்பு நிறக் குப்பி ஒன்று, உள்ளே திரவம். பேப்பர்காரன் அதை விஷம் என்று எழுதினான். போலீஸ் பிடித்தால் குடிக்க வைத்திருந்தாராம். ஒன்பது வருஷமாக அந்தக் குப்பி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாது என்றால் இடத்தை மிச்சம் விடாமல் தெரியாது என்று எழுது.

எலிசாள்


போனக்காடு
19 ஜூலை 2002

அன்புள்ள எலிசாளுக்கு,

உடனே பதில் போட முடியவில்லை. மழை, அட்டை, ஷூட்டிங். இங்கே ஒன்று நடந்துபோயிற்று. அதை உன்னிடம் சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மகசர் எழுதும் சீன் எடுத்தார்கள். இரண்டு பிணம் படுத்திருக்கிறது, இரண்டும் இடையிடையே எழுந்து சாயா குடிக்கிறது. போலீஸ் வேஷக்காரர்கள் நிற்கிறார்கள். மாதவன்குட்டியும் இருந்தான், நிஜ மாதவன்குட்டி. ரிட்டையர் ஆகிவிட்டான். படத்துக்குப் போலீஸ் விஷயம் சொல்லிக்கொடுக்க அவனைத்தான் வைத்திருக்கிறார்கள், தலைக்கு மேல் குடை பிடித்து! என்னைப் பார்த்து, "எடா பிச்சக்கனி, நீ சினிமா நடிகன் ஆயோ?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்தேன் எலிசாளே, என்ன செய்ய.

சாட்சியாக நடிக்க வேண்டியவன் வரவில்லை. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, சாட்சி கையெழுத்துப் போடுகிறான், அவ்வளவுதான், நீங்களே செய்யுங்கள் என்றார். பலகையில் ஒரு வெறுந்தாளை வைத்துப் பேனாவைத் தந்தார்கள். மகசர் எழுதிய தாளை ஷிபு பின்னால் தேடிக்கொண்டிருந்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தாளைக் கண்டதும் என் கை தானாகப் போயிற்று. அடியில் போய்க் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அடுத்த தாளுக்குக் கையை நீட்டினேன்.

டைரக்டர், "மாமா, ஒண்ணும் எழுதலியே, எதுக்கு அடியில போட்டீங்க?" என்று கேட்டார். தமிழ் தெரிந்த மனுஷன். நான் யோசிக்கவே இல்லை. "மேல அவங்க பிறகு எழுதிக்கிடுவாங்க சார். எப்பவும் பத்துப் பதினைஞ்சு தாள் சேர்த்துத்தான் வாங்குவாங்க" என்றேன்.

மாதவன்குட்டி குடையைத் தள்ளிவிட்டு எழுந்து, அதை அழியுங்கள், அழியுங்கள் என்று கத்தினான். டைரக்டர் அழிக்க மாட்டேன் என்றார். இதுதான் என் படத்தின் உண்மை சீன் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். மச்சான் செத்த பிறகு நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னாலேயே, கள்ளச் சாராயக் கேஸ் ஒன்றில் என்னைப் பிடித்துவிட்டு, விட்டுவிடுவதற்கு ஈடாக ஒரு கட்டு வெறுந்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த மலையில் எந்தக் கேஸுக்கும் நான்தான் சாட்சி. எது எந்தக் கேஸ் என்றே தெரியாது. மச்சானுக்கு எழுதின தாளில் நான் அவர் சாவதற்கு ஆறு மாசம் முன்னாலேயே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

படத்தில் அந்த சீன் வந்தால் உலகத்துக்கே தெரிந்துவிடும், என்னைத் தனியாக யாரும் கேட்க வேண்டியதில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஜெபமணியை ரேஞ்சர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். யார் சொல்லிக் கூப்பிட்டார் என்று உனக்கே தெரியும்.

பிச்சைக்கனி


கரமனை
5 அக்டோபர் 2002

பிச்சைக்கனிக்கு,

உன் சீன் போய்விட்டது.

ஷிபு நேற்று வந்தான். வாசலிலேயே நின்றான், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "சேச்சி, அது கட் பண்ணியாச்சு. மாதவன்குட்டி சார் மேலிடத்தில பிடிச்சு, ஸ்டேஷன்ல எடுக்கிறதுக்குண்டான பெர்மிஷனைத் தடுத்திட்டாரு. டைரக்டர் ரெண்டு நாள் சண்டை போட்டாரு, பிறகு விட்டுட்டாரு" என்றான். ராசையனுக்கு ஒரு பாட்டும் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களாம். மாதவன்குட்டி வேஷத்துக்குப் பெரிய நடிகன். படம் முடியும்போது அவனுக்குச் சல்யூட் அடிக்கிறார்கள். எனக்கு வாயில் வந்ததெல்லாம் அவன் தலையில் கொட்டினேன், பாவம்.

சினிமா உனக்குப் பதிலாகச் சொல்லிவிடும், நீ இருட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்தாய் அல்லவா? பார்த்தாயா இப்போது. திருடனிடம் பங்கு தின்றவனுக்கு சல்யூட், லாரி ஓட்டிப் பிழைத்தவன் கையில் துப்பாக்கி. த்தூ!

சபீனா என்று ஒரு வக்கீல், மங்கலம் மாமி வழியாகக் கிடைத்தவர். சின்ன வயசுதான், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். அந்தச் சம்மதத்தைத்தான் நீ திருப்பி வாங்கவில்லையே. என் வீட்டுக்காரர் பெயரைப் படத்திலிருந்து எடுக்கவும், பழைய விசாரணையைத் திறக்கவும் வஞ்சியூர் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறோம். நவம்பர் 12 செவ்வாய்க்கிழமை கேட்கிறார்கள். பெண்டாட்டி சொல் போதாதாம். சாட்சி வேண்டும், அந்த மகசரில் பெயர் உள்ள சாட்சியே வந்தால் இன்னும் நல்லது என்கிறார் சபீனா. அந்தப் பெயர் உன்னுடையது.

நீ வெறுந்தாளில் போட்டாய் என்பது மட்டும் எனக்குப் போதாது. அன்றைக்கு நீ எதையோ பார்த்திருக்கிறாய். உடல் வீட்டுக்கு வந்தபோது நீ என் கண்ணைப் பார்க்கவில்லை, சவப்பெட்டியைத் தூக்கக் கை கொடுக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டவனுக்கு அவ்வளவு கூச்சம் வராது. என்ன பார்த்தாய்? ஜெபமணிக்கு வேலை போகும் என்பாய். என் மகளுக்கு அப்பனே போனான்.

இதற்குப் பதில் வராவிட்டால், நான் செத்தால் உனக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று சுஜாவிடம் எழுதி வாங்கிக்கொள்வேன். எல்லாம் எழுதிய பிறகு அவள் கையெழுத்துப் போடுவாள்.

எலிசாள்


போனக்காடு
20 அக்டோபர் 2002

எலிசாளுக்கு,

கர்த்தர் கிருபை என்றெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நேராக எழுதுகிறேன்.

1993 செப்டம்பர் 14, மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்கும். செக்போஸ்ட் பக்கத்துச் சாயாக்கடையில் நின்றேன். மச்சானுடைய லாரி ஓரத்தில் நின்றது. போலீஸ் ஜீப் வந்தது. பின்னால் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் போடும் துண்டாலேயே கையைக் கட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தார். உடம்பில் ஒரு காயம் கிடையாது. மாதவன்குட்டி போன் பண்ண செக்போஸ்டுக்குள் போனான். கூட இருந்த போலீஸ்காரன் பீடி பற்ற வைக்கத் திரும்பினான். அந்த நேரத்தில் மச்சான் என்னைக் கண்டார்.

"மச்சான், என்னை எதுக்குப் பிடிச்சாங்கன்னே தெரியல்ல" என்றார். அழவில்லை, பதற்றம்கூட இல்லை. கொண்டுபோய் நாலு அடி அடித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். "லாரியில டேஷ்போர்டுக்குள்ள சுஜா மக்களுக்குக் காய்ச்சல் மருந்து இருக்கு. நெடுமங்காட்டுல கடை திறந்ததும் வாங்கினேன். நான் வர நேரமாகும் போல. இறங்குற வண்டியில யார்ட்டயாவது குடுத்து எலிசாள்ட்ட சேர்த்திருங்க. பிள்ளைக்கு இன்னைக்கே குடுக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். மாதவன்குட்டி வெளியே வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கையில் பாதி சாயா இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். ஜீப் காட்டு ரோட்டில் போயிற்று. லாரியை ஒரு போலீஸ்காரன் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். மருந்தை நான் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் வெடிச்சத்தம் இரண்டு கேட்டது. கொழுந்து எடுத்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சாயங்காலம் மாதவன்குட்டி என்னிடம் வந்து, "நீ இன்னிக்கு ஆரையும் கண்டிட்டில்ல" என்றான். ஆர்.டி.ஓ. முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தான். சொன்னேன்.

இதை உன்னிடம் சொல்லாதது பயத்தால் மட்டுமில்லை. மருந்து என்று சொல்லியிருந்தால் நீ ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பாய். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் பதில்.

ஜெபமணிக்கு இதை வாசித்துக் காட்டினேன். "போங்கப்பா, போய்ச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை கிடைக்கும்" என்றான். நான் வருகிறேன். கடைசி வரி முடிந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறேன், பார்த்துக்கொள். பிச்சைக்கனி


கரமனை
28 அக்டோபர் 2002

உன் கடிதத்தை சுஜாதான் முதலில் பிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய் மகசரை எடுத்து வந்தாள். பதினோராவது அயிட்டத்தில் விரலை வைத்தாள். பழுப்பு நிறக் குப்பி ஒன்று, உள்ளே திரவம்.

"அம்மா, அது எனக்குள்ளது" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு உடம்பு தீயாகச் சுட்டது. ஈரத்துணி போட்டுப் போட்டு, மருந்து வாங்கி வருகிறேன் என்று போன மனுஷன் எங்கே குடித்துக் கிடக்கிறானோ என்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கத் திட்டினேன். அது அவரைப் பற்றிய என் கடைசிப் பேச்சாக இத்தனை வருஷம் என் நெஞ்சில் கிடக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு போஸ்ட் கார்டு. ஒன்பது வருஷம்! உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறாதே. அந்தப் பாதி சாயாவைப் பற்றி உன் உயிர் உள்ளவரை கேட்பேன், என் உயிர் உள்ளவரை கேட்பேன்.

சபீனாவிடம் காட்டினேன். விடிகாலை ஐந்தரைக்குச் செத்தார் என்னும் மகசரில் கடை திறந்த பிறகு வாங்கிய மருந்து எப்படி வந்தது என்று கேட்கப்போகிறாராம். ஆனால் கடிதம் மட்டும் போதாது, ஆள் வந்து நின்று சொல்ல வேண்டும். மாதவன்குட்டியும் வருவான். அவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பான். நீ திரும்பச் சிரித்தாயானால் கோர்ட் என்றும் பார்க்க மாட்டேன்.

பதினொன்றாம் தேதியே இறங்கி வந்துவிடு, காலை பஸ் பழுதானால் யார் அழுவது. வெள்ளைச் சட்டை இல்லாவிட்டால் அவருடையது ஒன்று பெட்டியில் இருக்கிறது, சுஜா தேய்த்து வைத்திருக்கிறாள். உனக்குத் தோள் கொஞ்சம் இறுக்கும். போட்டுக்கொள்.

கோர்ட்டில் நீ சொல்வதை மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். சுஜா உன் பக்கத்தில் நிற்பாள். ஒவ்வொரு வரியும் தமிழில் வாசித்துச் சொல்லுவாள். அவள் முடிக்கும் முன்னால் பேனாவைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன்.

வா, அண்ணா.

எலிசாள்